வெர்ப் சொல்லிவிட்டுப் போகவும்

திண்டிவனத்தில் இங்கிலீஷ் தெரியாததால் யாரும் செத்துப்போனதாகத் தகவல் இல்லை. தெரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் பாதி உயிர் போனவர்கள் மட்டும் ஏராளம். அந்தப் பயத்தை நம்பி ஒரு கட்டடமே எழுப்பலாம் என்று டைல்ஸ் கடை செல்வகுமாருக்குத் தோன்றியது. எழுப்பிவிட்டார். வெர்ப் வேலி குளோபல் மெட்ரிகுலேஷன் பள்ளி என்று பெயரும் வைத்தார். கடையில் விற்காமல் தங்கிப்போன டைல்ஸை எல்லாம் முகப்பில் ஒட்டியிருந்ததால், புறவழிச் சாலையில் போகிறவர்களுக்கு அது பிரமாண்டமான குளியலறை போலத் தெரியும். அதற்குப் பிறகு அவரைக் கடைக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. கரஸ்பாண்டன்ட் சார் ஆகிவிட்டார்.

பிரம்மதேசம் பக்கத்துக் காலனியைச் சேர்ந்த பிரான்சிஸ் தன் மகள் ஆரோக்கியசெல்வியை அங்கே நாலாம் வகுப்பில் சேர்த்தார். பிரான்சிஸ் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். சீசனில் தர்பூசணி ஏற்றுவார், மற்ற நாட்களில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை. மனைவி ரோஜா களை எடுக்கப் போவார். இருவருடைய பெற்றோரும் அடுத்தவர் நிலத்தில், அடுத்தவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி வாழ்ந்தவர்கள். மகளாவது யார் முன்னாலும் கை கட்டி நிற்காமல், வாய் திறந்து கேட்கவேண்டும் என்பது அவர்கள் ஆசை. இங்கிலீஷ் வந்தால் அது வந்துவிடும் என்று நம்பினார்கள். நம்பியதில் தப்பில்லை. ஊரே அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறது.

முதல் பெற்றோர் கூட்டத்தில் கரஸ்பாண்டன்ட் மைக்கைப் பிடித்தார்.

"நான் இங்கிலீஷ்ல பேசினா உங்களுக்குப் புரியாது. அதனால தமிழ்லயே பேசறேன்," என்றார். எல்லாக் கூட்டத்திலும் அவர் இப்படித்தான் ஆரம்பிப்பார். அவர் இங்கிலீஷில் பேசி யாரும் கேட்டதில்லை.

"இங்கிலீஷ்ல வெர்ப் ரெண்டு ஜாதி. ஒண்ணு ரெகுலர், ஒண்ணு இர்ரெகுலர். கோ, வென்ட், கான். பாருங்க, வீட்ட வுட்டு வெளிய போனா பேரையே மாத்திக்குது. இது ஒழுக்கமா? வாக், வாக்டு, வாக்டு. எங்க போனாலும் பின்னால ஒரு ஈடிய மாட்டிக்கினு அடக்கமா நிக்குது. நம்ம பள்ளியில அடக்கமான வெர்புக்கு மட்டும்தான் இடம். ஈட், டிரிங்க், ஸ்லீப், ரன், ஸ்பீக் எல்லாமே இர்ரெகுலர். நம்ம கேம்பஸ்ல இதெல்லாம் கிடையாதுன்னு பெருமையா சொல்லிக்கிறேன்."

பிள்ளைகள் ஒரு நாளில் செய்கிற காரியங்களில் பாதியை அந்த மனிதர் ஒரே மூச்சில் ஒழித்துக்கட்டிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பிரான்சிஸும் தட்டினார். ஜாதி என்ற சொல் நினைவுக்கு வந்தபோது மட்டும் அவர் கை ஒரு நொடி நின்றது. படித்தவர்கள் ஏதோ உதாரணத்துக்குச் சொல்கிறார்கள் என்று மறுபடி தட்டினார்.

பள்ளி முறையாக நடந்தது. காலையில் கடவுள் வாழ்த்துக்குப் பதில் அன்றைய வெர்ப். பிள்ளைகள் கண்ணை மூடி, கை கட்டி, ஒரு வெர்பைப் பன்னிரண்டு டென்ஸிலும் சொல்லவேண்டும். நேற்று செய்தது, இன்று செய்வது, நாளைக்குச் செய்யப்போவது, நாளைக்கு இந்நேரம் வெகுநேரமாகச் செய்துகொண்டே இருந்திருக்கப்போவது என்று பன்னிரண்டு வகை. இதை மேற்பார்வையிட கோபி என்பவர் டென்ஸ் டைரக்டர் என்ற பதவியில் இருந்தார். அவருக்குத் தனி நாற்காலியும் ஒரு விசிலும் உண்டு. விசில் எந்த டென்ஸிலும் வராது. ஆனாலும் ஊதுவார்.

அடுத்து வீட்டுக்கு உத்தரவு வந்தது. தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்பம் முழுவதும் ஒரு வெர்ப் சொல்லி, வீடியோ எடுத்து வாட்ஸப் குழுவில் போடவேண்டும். ரோஜா கேப்பைக் களி கிளறிக்கொண்டே "ஐ குக், ஐ குக்டு, ஐ வில் குக்" என்றார். களி அடிப்பிடித்தது. பள்ளியிலிருந்து பதில் வந்தது: "தாயின் வாய் சரியாக அசையவில்லை. மீண்டும் அனுப்பவும்." மீண்டும் எடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து பக்கத்து வீட்டு அந்தோணிசாமி, காலையில் வண்டி வேண்டும் என்று வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டார். அதற்கும் பதில் வந்தது: "பின்னணியில் ஒருவர் தமிழ் பேசுகிறார். பள்ளியின் கலாசாரத்துக்கு இது ஏற்றதல்ல."

"இன்னாங்க இது, சோறு துன்றதுக்கு முன்னாடி ஜெபம் பண்றதையே வுட்டுட்டோம்," என்றார் ரோஜா. "இந்த பேஜாரு என்னிக்கு முடியும்?"

"பொறுத்துக்க ரோஜா. பாப்பா பேசிட்டா போதும்," என்றார் பிரான்சிஸ்.

பாப்பா பேசவில்லை. முன்பெல்லாம் பள்ளி விட்டு வந்தால் வாய் ஓயாது. இப்போது பையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகக் கொல்லைப்பக்கம் ஓடுவாள். திரும்பி வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்து முணுமுணுப்பாள். பிள்ளை படிக்கிறது என்று பெற்றோர் டிவியை அணைத்துவிட்டு வெளியே உட்கார்ந்தார்கள்.

ஆண்டு விழா வந்தது. அதற்கு டென்ஸ் திருவிழா என்று பெயர். பிள்ளைகள் வெர்ப் வேஷம் போட்டார்கள். ஜரிகைத் துணியும் கிரீடமுமாக வாக், டான்ஸ், ஸ்மைல், லவ் எல்லாம் மேடையில் நின்றன. அவற்றுக்குப் பின்னால் இறந்தகாலம் காட்ட, கழுத்தில் ஈடி என்று எழுதிய அட்டை மாட்டிய சில பிள்ளைகள் நிற்கவேண்டும். மேடையில் இடம் போதாததால் ஈடிகள் கீழே வெயிலில் நின்றார்கள். வெர்ப் ஆனவர்கள் டவுன் பிள்ளைகள். ஈடி ஆனவர்கள் யார் என்று சொல்லவேண்டியதில்லை. சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானது. அவர் வரும்வரை ஆரோக்கியசெல்வி அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வந்தவர் ஓய்வுபெற்ற அதிகாரி. "நான் சர்வீஸ்ல இருந்தவரைக்கும் எந்த ஃபைலயும் பாஸ்ட் டென்ஸுக்குப் போக விட்டதில்ல," என்றார் உருக்கமாக. "எல்லாத்தையும் ஃபியூச்சர்லயே வெச்சிருந்தேன். அதனாலதான் எம்மேல ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது. நீங்களும் அப்படி வரணும்." பிள்ளைகள் அப்படியே வருவதாக உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள்.

அந்த விழா முடிந்த வாரம் ஆரோக்கியசெல்விக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். திண்டிவனத்தில் பார்த்துவிட்டு முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஏற்றிப் போன மல்லாட்டை மூட்டையைப் பாதி வழியில் இறக்கிப்போட்டுவிட்டு ஓடிவந்து, அதே வண்டியில் மகளைப் படுக்கவைத்து பிரான்சிஸ் ஓட்டினார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகள் நின்ற வரிசையைப் பார்த்து வாழ்க்கையில் முதல்முறையாகக் கெட்ட வார்த்தை பேசினார். ரோஜா தடுக்கவில்லை.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, "தண்ணியே குடிக்க மாட்டாளா?" என்று கேட்டார். "யூரினை அடக்கி அடக்கி வெச்சிருக்கா. இன்ஃபெக்‌ஷன் கிட்னி வரைக்கும் போயிருக்கு. இன்னும் லேட்டா வந்திருந்தா கிட்னிக்கே ஆபத்து. இதுக்கு மேலயாவது நல்லா தண்ணி குடிக்கணும், வந்தா உடனே போகணும். மறுபடி அடக்கினா மறுபடி வரும்."

ரோஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் நிரப்பிக் கொடுக்கிற பாட்டில் சாயந்திரம் அப்படியே திரும்பி வரும். பள்ளியில் சுத்திகரித்த தண்ணீர் தருகிறார்கள் போல என்று நினைத்து, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

சிறுநீர் பரிசோதனைக்காக நர்ஸ் சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்தார். ஆரோக்கியசெல்வி அதை வாங்கிக்கொண்டு வார்டு கடைசியில் இருந்த பாத்ரூமுக்கு நடந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே யாரும் இல்லை. ஆனால் அவள் போகவில்லை. கதவுக்கு முன்னால் நின்று கை கட்டினாள், கண்ணை மூடினாள்.

"ஐ வாஷ். ஐ ஆம் வாஷிங். ஐ ஹேவ் வாஷ்டு."

தரை துடைத்துக்கொண்டிருந்த ஜெயம் என்ற ஊழியர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னா பாப்பா, உள்ள யாரும் இல்ல. போ."

"இன்னும் முடியல மிஸ்," என்றாள் பிள்ளை. கடைசி டென்ஸில் தடுமாறியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். "ஐ வாஷ். ஐ ஆம் வாஷிங்." கால்கள் பின்னிக்கொண்டன. நின்ற இடத்திலேயே கவுன் நனைந்தது. தரையைப் பார்த்தாள். பிறகு ஜெயத்தைப் பார்த்துக் கை கூப்பினாள். "அசெம்ப்ளில சொல்லாதீங்க மிஸ்."

பிரான்சிஸ் நான்கடி தள்ளி நின்று இதைப் பார்த்தார். மகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் உட்காரவைத்து மெதுவாகக் கேட்டார். எல்லாம் வந்தது. பள்ளியின் பின்பக்கம் ஒரு ஆர்ச்சு இருக்கிறது. "வெர்ப் சொல்லிவிட்டுப் போகவும்" என்று அதில் எழுதியிருக்கிறது. அன்றைய வெர்பைப் பன்னிரண்டு டென்ஸிலும் தப்பில்லாமல் சொன்னால்தான் பாத்ரூம் போகலாம். ஒன்று தப்பினால் விசில், வகுப்புக்குத் திரும்பவேண்டும். ஒரு நாள் அவளால் அடக்கமுடியாமல் போய்விட்டது. மறுநாள் காலை அவளை மேடையில் நிற்கவைத்து, ஷீ லீக்ஸ், ஷீ லீக்டு, ஷீ வில் லீக் என்று பள்ளி முழுவதையும் சொல்லவைத்தார்கள்.

"அதனாலதான்ப்பா தண்ணி குடிக்கறதில்ல. குடிக்கலன்னா போவவே வேணாம் இல்ல?" என்றாள். அதை ஒரு நல்ல யோசனையாகத்தான் அவள் சொன்னாள்.

மறுநாள் காலை பிரான்சிஸ் பள்ளிக்குப் போனார். வரவேற்பறையிலேயே டென்ஸ் டைரக்டர் கோபி கையைக் குறுக்கே நீட்டினார்.

"கம்ப்ளெயின்ட்டா? இங்கிலீஷ்ல சொல்லணும். பேரன்ட்ஸுக்குச் சலுகை இருக்கு, ஆறு டென்ஸ் போதும்."

"பொண்ணு ஆஸ்பத்திரில கெடக்குது சார்."

"அது ப்ரசன்ட் கன்டினியூவஸ். இன்னும் அஞ்சு."

பிரான்சிஸ் அந்தக் கையை மூட்டையைத் தள்ளுவது போலத் தள்ளிவிட்டு உள்ளே போனார். கரஸ்பாண்டன்ட் அறையில் ஏசி ஓடியது. விஷயத்தைக் கேட்டு அவர் வருத்தப்பட்டார். பள்ளியின் பெயரைப் பற்றித்தான்.

"ஆஸ்பத்திரில எந்த ஸ்கூல்னு கேட்டாங்களா? சொல்லிட்டீங்களா? பாருங்க பிரான்சிஸ், நீங்க ஆர்ச்சத் தப்பாப் புரிஞ்சிக்கினீங்க. முன்னாடி இன்டர்வல் வந்தா பாத்ரூம்ல அவ்ளோ பெரிய வரிசை நிக்கும். பேரன்ட்ஸ் பாத்துட்டு, இன்னா சார் இவ்ளோ பசங்களுக்கு இவ்ளோ கம்மியா பாத்ரூம்னு கேட்டாங்க. கட்டறதுன்னா சும்மாவா? யோசிச்சேன். ஆர்ச்சு வெச்சேன். இப்போ வரிசையே கிடையாது. இங்கிலீஷும் வந்துச்சு, கூட்டமும் போச்சு. எங்க பாத்ரூம் மாதிரி சுத்தமான பாத்ரூம் இந்த ஜில்லாவுலயே கிடையாது. ஏன்? யாரும் போறதில்ல."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துளி வெட்கம் இல்லை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவரின் பெருமைதான் இருந்தது. வெட்கப்படுகிறவர்களை நம்மால் ஏதாவது செய்யமுடியும். இவர்களை என்ன செய்வது என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

பிரான்சிஸ் பின்பக்கம் நடந்தார். கரஸ்பாண்டன்ட் பின்னாலேயே வந்தார். இடைவேளை மணி அடித்திருந்தது. ஆர்ச்சுக்கு முன்னால் சில சிறுமிகள் கை கட்டி, கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நாலாம் வகுப்பு ஆசிரியை பத்மப்ரியா ஓரமாக நின்றார். செஞ்சிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர்.

ஆர்ச்சைத் தாண்டினால் வரிசையாகப் பல கதவுகள். ஒவ்வொன்றிலும் சிறுமியின் படம் ஒட்டி, பார்க்க அழகாக இருந்தது. பிரான்சிஸ் முதல் கதவின் தாழ்ப்பாளை இழுத்தார்.

"அது ஸ்கூல் பிராப்பர்ட்டி," என்றார் கரஸ்பாண்டன்ட்.

உள்ளே தரையிலிருந்து கூரைவரை கிராமர் புத்தகக் கட்டுகள். பள்ளியே அச்சடித்து, பள்ளியே விற்கும் புத்தகம். அடுத்த கதவைத் திறந்தார். புத்தகக் கட்டுகள். அதற்கடுத்ததில் டைல்ஸ் பெட்டிகள். பிரான்சிஸ் மூட்டை இறக்கிப் பழகியவர். கட்டுகளை இழுத்து இழுத்து வெளியே போட்டார். காலியான அறையில் பீங்கான் கோப்பை இல்லை, குழாய் இல்லை, ஓட்டைகூட இல்லை. சமமான தரையில் பளபளவென்று டைல்ஸ் மட்டும் ஒட்டியிருந்தது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்கள் கதவுகளை எண்ணிவிட்டுப் போயிருக்கிறார்கள். கடைசியில் இருந்த ஒன்றே ஒன்று மட்டும் பாத்ரூம். அத்தனை பெண்பிள்ளைகளுக்கும் அது ஒன்றுதான். அதற்கும் அன்று தண்ணீர் வரவில்லை.

"மிஸ், உங்களுக்கு இது தெரியுமா?" என்று பிரான்சிஸ் கேட்டார்.

"தெரியும்ண்ணா," என்றார் பத்மப்ரியா. குரல் மிகவும் சின்னதாக வந்தது. "டீச்சருங்களும் இங்கதான் வரணும். நானும் பஸ் ஏறினா வீடு போற வரைக்கும் தண்ணி குடிக்கறதில்ல. ஆர்ச்சுல நின்னு நானே பசங்கள திருப்பி அனுப்பியிருக்கேன். செல்விய அனுப்பினதும் நான்தான்."

பிரான்சிஸுக்கு அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது. அவருடைய வறண்டு வெடித்த உதட்டைப் பார்த்ததும் அந்தக் கோபம் திரும்பி வேறு பக்கம் போனது.

"கரஸ்பாண்டன்ட் எங்க போவாரு?"

பத்மப்ரியா கண்ணால் ஏசி அறையைக் காட்டினார்.

பிரான்சிஸ் சிறுமிகளிடம் திரும்பினார். "போதும் பாப்பா. ஒண்ணும் சொல்ல வேணாம். எம்பின்னாடி வாங்க." யாரும் நகரவில்லை. விசிலுக்குப் பழகிய பிள்ளைகள் விசிலைத்தான் எதிர்பார்த்து நின்றார்கள். அப்போது பத்மப்ரியா ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் நடந்தார். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். ஊர்வலம் வராந்தாவைக் கடந்து, வரவேற்பறையைக் கடந்து, ஏசி அறைக்குள் போனது. பார்த்த மற்ற வகுப்புப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். கோபி விசிலை ஊதினார். யாரும் நிற்காததால் ஊதுவதை நிறுத்திவிட்டுக் கரஸ்பாண்டன்ட் முகத்தைப் பார்த்தார்.

கரஸ்பாண்டன்ட் அறையோடு சேர்ந்த பாத்ரூம் நன்றாக இருந்தது. தண்ணீர் வந்தது, வாசனையும் வந்தது. முதல் சிறுமி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே அறை முழுவதும் பிள்ளைகள் அமைதியாக வரிசையில் நின்றார்கள்.

"போலீஸுக்குப் போன் பண்றேன்," என்றார் கரஸ்பாண்டன்ட்.

"பண்ணுங்க சார். ஜல்தி வரச் சொல்லுங்க. அந்த ரூமுங்களயும் அவங்க பாக்கட்டும்," என்றார் பிரான்சிஸ். கரஸ்பாண்டன்ட் போனை மேஜைமேல் வைத்துவிட்டார். கோபம் பத்மப்ரியா மேல் திரும்பியது.

"மிஸ், எந்தப் பர்மிஷன்ல நீங்க வரிசையில நிக்கறீங்க? இப்பவே எனக்கு எக்ஸ்பிளனேஷன் எழுதித் தரணும்."

"தர்றேன் சார்," என்றார் பத்மப்ரியா. "போயிட்டு வந்து."

பிரான்சிஸின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ரோஜா.

"காய்ச்சல் கொறஞ்சிருக்குங்க. கெஞ்சிக் கெஞ்சி ஒரு டம்ளர் தண்ணி குடிக்க வெச்சிட்டேன். இப்போ பாத்ரூம் போவணுமாம். இங்க யாரக் கேக்கணும்னு கேக்கறா. நீயே போடின்னாலும் போவ மாட்டேங்குறா. அழுதுக்கினு நிக்கறா."

பிரான்சிஸுக்குக் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது கண்ணில் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டார்.

"போனப் பாப்பா காதுல வை," என்றார். "பாப்பா, யாரையும் கேக்க வேணாம். போம்மா. அப்பா லைன்லயே இருக்கறேன்."

வரிசையில் நின்ற பிள்ளைகள் அவரையே பார்த்தார்கள். அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு போனுக்குள், தூரத்தில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.